இல்லாத நாய் கடித்த தழும்பு

22-4-2006, சனி

வெயில். காலை ஆறு மணிக்கே தரை சுடுகிறது. உப்பளத்தின் வடக்குப் பாத்திகளில் நல்ல விளைச்சல். பன்னிரண்டு பேர் உப்பு வாரினார்கள், நான் மேற்பார்வை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அருளப்பா, நீ இல்லேன்னா இந்த அளமே இல்லப்பா" என்றார். சரியாக அந்த வார்த்தை இல்லை. "இன்னிக்கு எத்தினி பேரு" என்று கேட்டார். கேட்ட விதம் அப்படி இருந்தது.

செய்ய வேண்டியவை: வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. கூனிமேடு காதர் பாய் கடையில் பந்தல் கயிறு. முடி வெட்டு. மீசைக்குக் கொஞ்சம் மை.

நாளை முதல் ஓலை. தங்கச்சி தெரேசாவின் மகள் சகாயமேரிக்கும் ஸ்டீபனுக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் வாசிப்பார். மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் மே 10 புதன்.

இந்தக் கல்யாணமே என் ஏற்பாடுதான். சுனாமி அலை வந்து போன பிறகு வீடு கட்டிக் கொடுத்தார்களே, அந்த வேலைக்கு மேற்பார்வையாக வந்த பையன் ஸ்டீபன். முப்பது வயசு இருக்கும். வெள்ளிக்கிழமை உபவாசம். ஜெபம் சொன்னால் கண்ணில் தண்ணீர். வரதட்சணை வேண்டாம் என்றான். "அத்த தனியா இருக்காங்க, நான் இங்கியே வீட்டோட இருந்துடறேன் மாமா" என்றான். தெரேசாவுக்குக் கிடைத்த புது வீட்டில்தான். அந்த வார்த்தையில் தெரேசா விழுந்தாள். நானும்தான்.

அவள் புருஷன், என் மச்சான், அலையில் போனவர். அன்று நான் பதினோரு பேரைக் கரை சேர்த்தேன். மச்சான் கையையும் பிடித்தேன். தண்ணீர் பிடுங்கிக்கொண்டது. அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் தெரேசா இன்னொரு முறை சொல் என்பாள்.

ஒரு விஷயம் இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். வெளியூர் மாப்பிள்ளை என்றால் அந்த ஊர்ச் சாமியாரிடம் புதிதாக ஞானஸ்நானச் சீட்டு வாங்கி வர வேண்டும். ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் ஊர் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், அதை எழுதிவிடுவார்கள். புதுச் சீட்டில் அது தெரிந்துவிடும். ஸ்டீபன் கொடுத்ததோ பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாங்கிய பழைய சீட்டு. புதுச் சீட்டு தபாலில் வரும் என்றான். நம் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "தாய்மாமன் நீ. ஒரு நடை நேர்ல போயி அந்தப் புத்தகத்த பாத்துட்டு வா" என்றார்.

போனேன். பா.சே. வரைக்கும் போனேன். அதற்கு மேல் கடலூர் பஸ் ஏற வேண்டும், அங்கிருந்து தெற்கே இன்னொரு பஸ். ஏறவில்லை. பா.சே. என்று ஏன் எழுதுகிறேன் என்றால், என் பெண்டாட்டி லூர்து படித்தாலும் புரியக் கூடாது. தவக்காலம் முழுக்கக் குடிப்பதில்லை என்று அவள் எதிரில் நேர்ந்திருந்தேன்.

மாலை திரும்பி வந்து சாமியாரிடம் சொன்னேன். புத்தகம் பார்த்தேன், ஓரம் சுத்தமாக இருக்கிறது. அந்த ஊர்ச் சாமியார் என்னை உட்கார வைத்து வஞ்சிரக் குழம்பு போட்டார். அவர் பங்களா வாசலில் ஒரு கறுப்பு நாய், மூன்று கால்தான், பெயர் சுல்தான், பாவிகளைப் பார்த்தால் மட்டும் குரைக்கும், என்னைப் பார்த்து வாலாட்டியது. இதைக் கேட்டு நம் சாமியார் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். 'நேரில் விசாரித்தேன்' என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவன், என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

யாருக்கு என்ன நஷ்டம். பையன் தங்கம்.


23-4, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. யாரும் எழவில்லை. சகாயம் முக்காட்டுக்குள் சிரித்தாள். தெரேசாவின் சிரித்த முகம் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று, பல் தெரிந்தது.

மதியம் தெரேசா வீட்டில் சாப்பாடு. இறால், சுரைக்காய். எல்லோரும் கேட்டார்கள், நாய்க் கதை சொன்னேன். லூர்து, "அந்த நாயி உன்ன பாத்து கொரைக்கலயாமா, அப்ப அதுக்கு கண்ணும் இல்ல போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டீபன் சிரிக்கவில்லை. மரியாதையாக, "ஆமா மாமா, சுல்தான். சின்ன வயசுல என்ன ஒரு தடவ கடிச்சிருக்குது" என்று வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் ஒரு தழும்பு காட்டினான். சகாயம் குனிந்து பார்த்து, "ஐயோ, ஆழமா கடிச்சிருக்குதே" என்றாள்.

எனக்குப் பெருமை. என் கதைக்கு அத்தனை பேர் நடுவில் துணை நின்றான். நல்ல பையன்.


25-4, செவ்வாய்

காற்று இல்லை. பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்த்தேன், சரியாக இருக்கிறது. இடுப்பு வலி.

காலையிலிருந்து ஒன்று உறுத்துகிறது. முதலில் என்ன என்று பிடிபடவில்லை. பாத்தி ஓரம் நடக்கும்போது பிடிபட்டது.

அந்த நாயைப் பெற்றவன் நான். பா.சே. கடை வாசலில் உட்கார்ந்து யோசித்த நாய். மூன்று கால் வைத்ததும் நான், சுல்தான் என்று பெயர் வைத்ததும் நான். அது எப்படி அவனைக் கடிக்கும்?


26-4, புதன்

கயிறு வாங்கக் கூனிமேடு போனேன். காதர் பாய் துபாயில் இருபது வருஷம் இருந்தவர். எத்தனையோ ஏஜென்டைப் பார்த்தவர். யாருக்கோ என்பது மாதிரிக் கேட்டேன், பொய் சொல்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று.

"இன்னா அருளப்பா, கண்ணாடி வாங்கப் போறியா?" என்றார்.

சிரித்துவிட்டு அப்புறம் சொன்னார். "பெருசா கேக்காத. பெருசுக்கு பதில் ரெடியா வெச்சிருப்பான். சின்னதா கேளு. அந்த ஆபீஸ்ல படிக்கட்டு எந்தப் பக்கம், டீ யாரு குடுத்தா. அங்க ஆடிப்புடுவான்."

ஒருவேளை அந்த ஊரில் நிஜமாகவே ஒரு நாய் இருந்து, அதற்கும் அதே பெயர் இருந்தால்? மூன்று கால் நாய்கள் எங்கும் உண்டு. மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். மாமா மானம் போகக் கூடாது என்று பையன் ஒத்து ஊதியிருக்கலாம். அதுவும் ஒரு குணம்தானே. ஆனால் தழும்பு?

கயிறு நாலு கட்டு.


28-4, வெள்ளி

மாலை ஐந்துக்கு பிரார்த்தனைக் கூட்டம், தெரேசா வீட்டில். இன்று பேசியது ஸ்டீபன். தலைப்பு: ஏமாற்றுக்காரர்களிடம் கிறிஸ்தவன் எச்சரிக்கையாக இருப்பது எப்படி. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் பற்றி இருபது நிமிஷம். கனியைப் பார்த்துத்தான் மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். பெண்கள் அழுதார்கள். நான் பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்:

1. கேட்காமலே சத்தியம் செய்வான்.
2. ஆளுக்குத் தகுந்த மாதிரி இனிக்கப் பேசுவான்.
3. தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வான்.
4. அவசரப்படுத்துவான்.
5. தன் ஊர்க்காரன் ஒருவனைக்கூடக் கூட்டி வர மாட்டான். (இது அவன் சொன்னதில்லை. நான் சேர்த்தது.)

ஒன்று, இரண்டு, மூன்று எனக்கே பொருந்துகிறது. நான்கும் ஐந்தும் அவனுக்கு.

கூட்டம் முடிந்து சுண்டல். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாய் சொன்ன மாதிரி சின்னதாகக் கேட்டேன். "ஏம்பா மாப்ளே, உங்க கோயில் கெணத்தாண்ட ரெட்டைத் தலை தென்ன மரம் ஒண்ணு பாத்தேனே. அது காய்க்குமா?"

அந்த மரத்தை அந்த நிமிஷம்தான் நட்டேன்.

சுண்டலை மென்றுகொண்டே, "முன்ன காய்க்கும் மாமா. இடி விழுந்ததிலேருந்து ஒரு தலை மட்டுந்தான்" என்றான். கண் சிமிட்டவில்லை. முகத்தில் அவ்வளவு அன்பு.

நாற்பது வருஷமாகக் கதை விடுகிறேன். இன்னொருத்தன் விடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சுலபமாக வருகிறது.


30-4, ஞாயிறு

இரண்டாம் ஓலை. "தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் வாசித்தார். எழவில்லை. எழுந்து என்ன சொல்வது? அங்கே நாய் இல்லை என்றா? இருக்கிறது என்று சொன்னவனே நான்.

பூசை முடிந்து தெரேசாவிடம் தனியாகச் சொன்னேன். பந்தலுக்கு வந்த மூங்கிலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தெரேசா, அந்தப் பையன் சரியில்லம்மா."

"இன்னா சரியில்ல?"

"நாய் கடிச்சதுன்னானே, அது பொய்யி."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"அந்த நாயே இல்ல."

கையில் இருந்த மூங்கிலைக் கீழே போட்டாள். "நீதானே பாத்தேன்னே. வாலாட்டுச்சுன்னே."

"சும்மா சொன்னேன்."

"அப்ப புத்தகம்?"

கீழே கிடந்த மூங்கிலை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். அவளே புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். அவள் புரிந்துகொண்டது வேறு. "அண்ணே, உன் பேச்சக் கேக்காம பந்தலுக்கு ஆளு பேசிட்டேன்னு கோவம் உனுக்கு. உன்ன பெரிய மனுஷன்னு மாப்ள உன் கால்ல உழணும். அதானே?" என்றாள்.

சகாயம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் மருதாணி அரைத்த கறை.

லூர்துவிடம் பா.சே. விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று இருந்தேன். "நாளான்னிக்கு முதல் பஸ்ஸுக்கு போ. இந்த தடவ நெசமா போ" என்றாள். அவ்வளவுதான்.


2-5, செவ்வாய்

போனேன். நிஜமாக. சாட்சிக்குப் பஸ் டிக்கெட் மூன்றையும் இங்கே ஒட்டி வைக்கிறேன். பாண்டிச்சேரி என்று முழுதாகவே எழுதுகிறேன். அங்கே பஸ் நின்றபோது டீ மட்டும் குடித்தேன்.

அந்த ஊர். சின்னக் கோயில். கிணறு இல்லை, கைப்பம்பு. தென்னை மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் முந்திரி. நாய்கள் மூன்று பார்த்தேன், எல்லாவற்றுக்கும் நான்கு கால்.

பங்களா பூட்டியிருந்தது. சாமியார் பத்து நாள் தியானத்துக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவாராம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வயசானவர், ஒரு காது மந்தம். கெஞ்சிக் கூத்தாடியதில் கோயில் பின்னறை அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். ஸ்டீபன் பெயர் இருந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, எல்லாம் சரி. ஓரத்தில் பச்சை மையில் சின்ன எழுத்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே கோயிலில் கல்யாணம். பெண் பெயர் செபஸ்தியம்மாள்.

அந்தப் பெயரை மூன்று தடவை படித்தேன். என் வாழ்நாளில் நான் இட்டுக்கட்டாத ஒரு விஷயம் இவ்வளவு பெரியதாக இருந்ததில்லை.

"அந்தப் பொண்ணு எங்க?"

"பெங்களூர்ல வீட்டு வேல. புள்ளயயும் இட்டுக்கினு போயிடுச்சி. இவன் போயி ரெண்டு வருசம் ஆவுது" என்றார். "நீங்க யாரு?"

யார் என்று சொல்ல ஒரு கதையும் வரவில்லை. "சும்மா, தெரிஞ்சவரு" என்றேன்.

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். "சாமியார் கையெழுத்து இல்லாம நான் ஒரு கோடு போட முடியாதுங்க" என்றார். பங்களாவுக்குள்தான் போன். சாவி சாமியாரிடம்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.


3-5, புதன்

புழுக்கம். தேர்தல் வண்டி ஒன்று மாற்றி ஒன்று, காது அடைக்கிறது.

சாமியாரிடம் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்யவா என்றேன். "வேணாம், உன் பாவசங்கீர்த்தனத்துல பாவத்தக்கூட கூட்டி சொல்லுவ. சேர்ல உக்காந்து பேசு" என்றார். உண்மைதான். போன வருஷம் செய்யாத சண்டை இரண்டைச் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

எல்லாம் சொன்னேன். குடித்தது, போகாதது, நாய், தென்னை, பச்சை மை. கேட்டுவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வைத்தார்.

"போன மாசம் பாத்தேன்னு கையெழுத்து போட்ட. இப்ப பாக்கலன்னு போடப் போற. ரெண்டும் உன் கையெழுத்துதான். அழகா இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு சொன்னார்: "அந்த ஊர்லேருந்து கடிதம் வராம இந்தக் கோயில்ல தாலி கட்ட விட மாட்டேன். உன் வார்த்தைய நம்பி அன்னிக்கு கடிதம் கேக்காம விட்டது என் தப்பு. அது என் வேல, பாத்துக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு வேற எங்கியாவது போயி கட்டிக்கினா என்னால தடுக்க முடியாது. அவ மனசு மாறணும்னா அது உன் வாயாலதான் ஆவணும். ஞாயித்துக்கெழம மூணாவது ஓல வாசிப்பேன். எழுந்து நில்லு."

"சிரிப்பாங்க சாமி."

"சிரிப்பாங்க" என்றார்.


5-5, வெள்ளி

ஸ்டீபன் அளத்துக்கே வந்துவிட்டான். நான் கடைசித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். அதை வடிக்காமல் விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து படிந்துவிடும். வெயில் காலத்தில் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. மேகம் போட்டால்தான் கசப்பு உப்பு தானாக நசநசக்கும். மனிதனுக்கு எப்போது மேகம் போடும் என்று யார் கண்டது?

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றான். மரியாதை குறையவில்லை.

"கடிதம் வந்தாதான் தாலின்னு சாமியார் சொல்லிட்டாராம், அத்த சொன்னாங்க. கோயில்ல முடியாதுன்னா திண்டிவனத்துல ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம் மாமா. நீங்கதான் சாட்சிக் கையெழுத்து போடணும்."

"செபஸ்தியம்மா யாருப்பா?" என்றேன்.

ஒரு நிமிஷம் பாத்தியைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "மாமா, அலையில நீங்க எத்தினி பேர காப்பாத்தினீங்க? நான் வந்த புதுசுல ஏழு. போன கிறிஸ்துமஸ்ஸுக்கு பதினொண்ணு. நான் எதுனா கேட்டேனா? நீங்க சொன்னத நான் நம்பினேன். நான் சொல்றத நீங்க நம்புங்க. அதானே குடும்பம்."

வாய்ச் சவடாலில் இந்தக் கரையில் எனக்கு ஈடு இல்லை என்று இருந்தேன். வடிக்க வேண்டிய தண்ணீரைப் பாதியில் விட்டு வந்துவிட்டேன்.

லூர்து கஞ்சி வைத்தாள். "நாளான்னிக்கு சுருக்கமா சொல்லு. நீ நீட்டினா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.


6-5, சனி

எதுவும் எழுதத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் வந்தது. அடித்தேன். ஒரு பக்கம். அதிலும் கோயில்பிள்ளைக்கு இல்லாத தாடி ஒன்று வைத்திருந்தேன். அதையும் அடித்தேன். நான்கு வரி மிஞ்சியது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நாயை இல்லை என்று சொன்னால் ஜனங்கள் அதோடு நிற்க மாட்டார்கள். அலை வந்த அன்று நான் இந்த ஊரிலேயே இல்லை. மேற்கே பிரம்மதேசத்தில் மாமியார் வீட்டில் கிறிஸ்துமஸ் கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தேன். முதல் பஸ்ஸுக்கே ஊர் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன். வந்தது மதியம். நான் தூக்கியது ஓர் ஆடு. செத்த ஆடு. மச்சான் கையை நான் பிடிக்கவில்லை. தெரேசா மூன்று நாளாகச் சோறு தொடாமல் கிடந்தாள், யாராவது கூட இருந்தார்களா, யாராவது பிடித்தார்களா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பிடித்தேன் என்றேன். அன்று சாப்பிட்டாள்.

லூர்துவுக்குத் தெரியும். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அது ஒன்றுக்கே அவளுக்கு மோட்சம்.


7-5, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

எழுந்து நின்றேன். நான் வாய் திறப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி, "இன்னா அருளப்பா, நாயி குட்டி போட்டுச்சா?" என்றாள். சாமியார் கையை உயர்த்தினார்.

நான்கு வரி சொன்னேன். "போன மாசம் நான் அந்த ஊருக்கு போவல. செவ்வாக்கெழமதான் போனேன். புத்தகத்துல இவருக்கு ஏழு வருசத்துக்கு முன்ன கல்யாணம் ஆயிருக்குது. பொண்ணு பேரு செபஸ்தியம்மா."

யாரும் நம்பவில்லை. எல்லார் முகமும் தெரிந்தது. கதை நன்றாக இல்லையே என்பது மாதிரி ஒரு முகம். ஸ்டீபன் முன் வரிசையில் எழுந்து, கை கூப்பி, "மாமா மேல எனக்கு வருத்தம் இல்ல. அவருக்காக எல்லாரும் வேண்டிக்கோங்க" என்றான். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்காக.

அப்போது சகாயம் எழுந்தாள். என்னைத்தான் கேட்டாள்.

"மாமா, நாயி இல்லியா?"

"இல்லம்மா. நான் விட்டது."

"மூணு காலு? பேரு?"

"எல்லாமே."

அவள் ஸ்டீபன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். வேட்டிக்குக் கீழே அந்தத் தழும்பு இருக்கும் இடத்தை. ஸ்டீபன், "வேற நாயா இருக்கும், சின்ன வயசு ஞாபகம்" என்றான். அதுதான் அவன் முதல் முறையாகத் தடுமாறியது. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்த ஊருக்குப் போய்க் கடிதத்தை நானே வாங்கி வருகிறேன் என்று ஸ்டீபன் மதியப் பஸ் ஏறினான். பையை எடுத்துக்கொண்டு போனான். தெரேசா அவனுக்குத் தயிர் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

என்னைப் பார்த்து, "ஊரு நடுவுல என் மானத்த வாங்கிட்டியேண்ணே" என்றாள். கோயிலில் நான் சொன்னது உண்மை. அதனால் ஆன நன்மை எது என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை.


8-5, திங்கள்

ஓட்டுப் போட்டேன். வரிசையில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. வழக்கமாக என்னைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும்.

ஸ்டீபன் வரவில்லை. அவன் செல்போனுக்குச் சாமியார் போட்டுப் பார்த்தார். அணைத்து வைத்திருக்கிறான்.

மாலையில் தெரேசா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசினேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். பாய் சொன்னதைச் சொன்னேன், சின்னதாகக் கேட்க வேண்டும், தென்னை மரத்தைக் கேட்டேன் என்று. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்புகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. சகாயம் உள்ளே தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்ன தைக்கிறாள் என்று கேட்கத் தைரியம் இல்லை.


9-5, செவ்வாய்

காலையிலிருந்து மேகம். பத்து மணிக்கு நாலு தூறல். உப்பு அம்பாரங்களுக்குக் கீற்றுப் போட்டு மூடினோம். வெள்ளிக்கிழமை நான் பாதியில் விட்ட பாத்தி கெட்டுவிட்டது, உப்பு நசநசத்துக் கிடக்கிறது.

நாளைக்குக் கல்யாணமாக இருந்திருக்கும். ஸ்டீபன் வரவில்லை. இனி வர மாட்டான் என்று தெரேசாவுக்கும் தெரிந்துவிட்டது. பந்தல் மூங்கில் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது. காதர் பாய் கயிற்றைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார். நல்ல மனுஷன்.

சகாயம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேசவில்லை, ஆனால் கொடுத்தாள். மருதாணி இன்னும் போகவில்லை.

தெரேசா மூங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எத்தனை சாவு வீட்டில் ஜனங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு மூங்கில் சிம்பை உரித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பேசினாள்.

"அண்ணே. அலை அன்னிக்கு அவரு கையப் புடிச்சேன்னு சொன்னியே."

"ம்."

"அது நெசந்தானே?"

அவள் கண்ணைப் பார்த்தேன். பிடித்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தாள். திரும்பி, மெதுவாக, "எந்தக் கைய?" என்று கேட்டாள்.